நமஹாகேயும் மூன்று கைதட்டலும்

அன்புள்ள ஐயா,

நான் தோக்கியோவில் பணிபுரிகிறேன். என் ஐந்து வயது மகன் பக்கத்து வீட்டுப் பூனையை வாலைப் பிடித்து இழுப்பான், கல்லால் அடிப்பான். அகிதா மாநிலத்தின் ஓகா தீபகற்பத்துக்குச் சென்றபோது, கோர முகமூடி அணிந்தவர்கள் மலைத் தெய்வங்களாக வந்து பிள்ளைகளை அதட்டும் நமஹாகே சடங்கை அங்கே பார்வையாளர்களுக்காக நடத்திக் காட்டும் நிகழ்ச்சிக்கு அவனை அழைத்துப் போனேன். அலறி அழுதான். அதைக் கைபேசியில் பதிவு செய்து குடும்பக் குழுவில் பகிர்ந்தேன். மூன்று முறை கைதட்டினால் மலையிலிருந்து இறங்கி வருவோம் என்று அந்த நமஹாகேக்கள் சொல்லிச் சென்றதால், இப்போது நான் கைதட்டினாலே அடங்கிவிடுகிறான். இது தவறு என்கிறார் மனைவி. குழந்தையின் மனம் பாதிக்கப்படுமா? யுனெஸ்கோ ஏற்ற மரபு தீயதாக இருக்க முடியுமா? நம் ஊரிலும் இப்படி ஒரு சடங்கு வேண்டாமா?

அன்புள்ள நண்பருக்கு,

‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்று என் பேத்தியிடம் ஒருவர் சொல்லக் கேட்டதிலிருந்து இதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதமும் அந்த நேரத்தில் வந்தது.

மனப் பாதிப்பைப் பற்றிக் குழந்தைநல மருத்துவரிடம் கேளுங்கள். யுனெஸ்கோ 2018இல் பட்டியலில் சேர்த்தது, முகமூடித் தெய்வங்கள் வீடு தேடி வரும் பத்துச் சடங்குகளை. பிள்ளை வளர்ப்புக்கு அது வழங்கிய சான்றிதழ் அல்ல. நம் ஊருக்குப் புதிய சடங்கு எதுவும் தேவையில்லை.

ஓகாவில் டிசம்பர் 31ஆம் தேதி இரவு நடப்பதை நீங்கள் பாதிதான் கவனித்திருக்கிறீர்கள். வைக்கோல் அங்கியும் கோர முகமூடியும் அணிந்து, மரக்கத்தியும் வாளியும் ஏந்தி, ‘அழுகிற பிள்ளை உண்டா, கெட்ட பிள்ளை உண்டா’ என்று கர்ஜித்து வருகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களே. ஆயினும் அவர்கள் அப்படியே உள்ளே பாய்வதில்லை. ஒருவர் முன்னால் சென்று, வரலாமா என்று வீட்டாரிடம் கேட்கிறார். அந்த ஆண்டில் சாவோ பிறப்போ நிகழ்ந்த வீட்டுக்குள் நுழைவதில்லை. இசைவு கிடைத்த பிறகே தரையை ஏழு முறை மிதித்துவிட்டு நுழைகிறார்கள். வீட்டுத் தலைவர் அவர்களை அமர வைத்துச் சாக்கே என்னும் அரிசி மதுவை ஊற்றுகிறார். நமஹாகே ஒரு பேரேட்டை விரித்துப் பிள்ளையின் குற்றங்களை வாசிக்க, அவர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லி, எங்கள் பிள்ளை நல்ல பிள்ளை, இனிச் செய்யமாட்டான், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மன்றாடுகிறார். குழந்தை அப்போது பெரியவர்களின் மடியில் முகம் புதைத்துக் கிடக்கிறது. மலையிலிருந்து இறங்கிய ஒன்று கூட்டிப்போக வந்து நிற்கையில், தன் குற்றமெல்லாம் தெரிந்தும் கொடுக்க மறுத்துத் தனக்குப் பிணை நிற்க ஒருவர் இருக்கிறார் என்பதை அது தன் உடம்பால் அறிகிறது. எளியதொரு உயிருக்காக அப்படி நிற்க அந்தப் பிள்ளைக்கு அங்கிருந்துதான் வருகிறது என்று நான் நம்புகிறேன்.

நாம் செய்வது இதற்கு நேர் எதிரானது. சிறுவயதில் நான் தும்பியின் வாலில் நூல் கட்டிப் பறக்கவிடுவேன். ஒரு விடியற்காலை குடுகுடுப்பைக்காரர் வாசலில் நின்றபோது, ‘இவனைப் பிடித்துக்கொண்டு போங்கள்’ என்று அம்மா என்னை முன்னால் தள்ளினார். குடுகுடுப்பைக்காரரின் முகம் மறந்துவிட்டது. தோள்பட்டைக்குக் கீழே பதிந்து தள்ளிய அம்மாவின் கை இன்றும் நினைவிருக்கிறது. தும்பிகளை அதன்பிறகும் விட்டுவிடவில்லை. அம்மாவின் கண்ணில் படாமல் கொல்லைப்புறத்தில் கட்டினேன். உங்கள் மகனும் இப்போது உங்கள் கைக்கு அஞ்சுகிறானே தவிர, பூனைக்கு வலிக்கும் என்பதை அறிந்துவிட்டான் என்று எண்ணாதீர்கள்.

அவன் அலறியபோது அவனை அணைத்திருக்க வேண்டிய இரு கைகளிலும் நீங்கள் கைபேசியை வைத்திருந்தீர்கள். இதை எப்படிச் செய்யத் துணிந்தீர்கள்? ஓகாவில் ஆண்டுக்கொருமுறை வந்து, உபசாரம் பெற்றுக்கொண்டு திரும்பிச் செல்லும் ஒன்றை நீங்கள் நாள்தோறும் கைதட்டி வீட்டுக்குள் அழைக்கிறீர்கள்; அவனுக்காக வாதாட வேண்டிய தந்தையோ அழைக்கிற பக்கம் நின்றுகொண்டிருக்கிறார்.

உங்கள் மனைவி சொல்வதே சரி. கைதட்டுவதை இன்றோடு நிறுத்துங்கள். பக்கத்து வீட்டாரிடம் அவனை அழைத்துச் சென்று, அவன் செய்ததற்காக நீங்கள் மன்னிப்புக் கேளுங்கள். அவன் அதைப் பார்க்கட்டும். அவர்கள் இசைந்தால் பூனைக்கு அவன் கையால் உணவு வைக்கச் சொல்லி, அருகிலேயே உட்கார்ந்திருங்கள். குடும்பக் குழுவிலிருந்து அந்தக் காணொளியை நீக்கிவிட்டு, நீக்கியதையும் அவனிடம் சொல்லுங்கள்.