கீமோ ஏற்றிய இரண்டாவது வாரம் காய்ச்சல் வந்தால் காத்திருக்காதீர்கள்

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. நன்றாக நடமாடுகிறார். புராஸ்டேட் புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவிய நிலையில்தான் தெரியவந்தது. ஹார்மோன் ஊசி தொடங்கிவிட்டார்கள். அதோடு 3 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 6 முறை, டோசிடாக்சல் என்ற மருந்தை ட்ரிப்பில் ஏற்ற வேண்டும் என்கிறார் மருத்துவர். முடி கொட்டும், நகம் கறுக்கும், இதயம் கெடும், குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது என்றெல்லாம் இணையத்தில் போட்டிருக்கிறார்கள். ‘பரவிய பிறகு கீமோ கொடுப்பது சித்திரவதை’ என்று ஒரு வீடியோவில் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. காய்ச்சல், உடம்புவலி வந்தால் கொடுக்கப் பாரசிட்டமாலும், முன்பு மீந்துபோன ஆன்டிபயாடிக் மாத்திரைகளும் எடுத்துவைத்திருக்கிறோம். எதிர்ப்புச் சக்திக்கு ஒரு மூலிகைப் பொடியும் வாங்கியிருக்கிறோம். அப்பாவிடம் ‘எலும்புக்குச் சத்து ஊசி’ என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறோம். நாங்கள் செய்வது சரியா?

பதில்: முடியும் நகமும் இருக்கட்டும். அப்பாவுக்கு மிச்சமிருக்கும் நாட்களை நம் கையாலேயே கெடுத்துவிடுவோமோ என்ற பயம்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது. உங்கள் அப்பாவின் நிலையில் இருக்கும் ஒருவருக்கு இந்த மருந்தைப் பரிந்துரைப்பது சித்திரவதை இல்லை. நல்ல ஆதாரத்தோடு கொடுக்கப்படும் சிகிச்சை இது.

எலும்புக்குப் பரவிய புராஸ்டேட் புற்றுநோயில் டோசிடாக்சலை முன்பெல்லாம் கடைசிக்குத்தான் வைத்திருந்தோம். ஹார்மோன் சிகிச்சைக்கு நோய் கட்டுப்படாமல் போன பிறகு கொடுப்போம். அதை ஆரம்பத்திலேயே, ஹார்மோன் ஊசியோடு சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று பார்த்த ஆய்வுகளில் ஒன்று சார்ட்டெட். 2015-ல் வெளியானது, 790 பேர் கலந்துகொண்டது. ஹார்மோன் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் பாதிப் பேர் 44 மாதங்களைத் தாண்டி வாழ்ந்தார்கள். கூடவே 6 முறை டோசிடாக்சலும் பெற்றவர்களில் பாதிப் பேர் 57 மாதங்களைத் தாண்டினார்கள். நோய் பல எலும்புகளுக்குப் பரவியிருந்தவர்களுக்குத்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கிறது என்றும் அவர்களிடம் கேட்டுப் பதிவு செய்தார்கள். கீமோ நடக்கும் 3-வது மாதத்தில் கீமோ பெற்றவர்கள் சற்றுத் துவண்டுதான் இருந்தார்கள். 12-வது மாதத்தில் பார்த்தால், கீமோ பெறாதவர்களைவிட அவர்கள்தான் நன்றாக இருந்தார்கள். முன்னால் சில மாதம் கஷ்டம், அப்புறம் அதற்கான பலன் என்பதுதான் இந்தச் சிகிச்சையின் போக்கு.

நோய் அடியோடு போய்விடும் என்று நான் சொல்லவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவருக்கோ கல்லீரல் கெட்டுப்போனவருக்கோ என் பதில் வேறாக இருந்திருக்கும். உங்கள் அப்பா நன்றாக நடமாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். முடிவெடுப்பதில் வயதைவிட அதுதான் முக்கியம். கீமோவோடு ஒரு ஹார்மோன் மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கும் முறை இப்போது வந்திருக்கிறது. அது அவருக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி உங்கள் மாத்திரைப் பெட்டிக்கு வருகிறேன். உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்த இடம் அதுதான்.

டோசிடாக்சல் ஏற்ற சுமார் 1 மணி நேரம் ஆகும். அன்று பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்புவீர்கள். இந்த மருந்து செல்களை இரண்டாகப் பிரியவிடாமல் நிறுத்துகிறது. புற்றுநோய்ச் செல்லையும் நிறுத்தும், ரத்தம் ஊறும் எலும்பு மஜ்ஜையையும் கொஞ்ச நாள் நிறுத்தும். அதனால் கிருமிகளைக் கொல்லும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள் நாளுக்கு நாள் குறைந்து, ஒரு வாரத்தையொட்டி அடிமட்டத்துக்குப் போகும். பிறகு மெல்ல ஏறி, அடுத்த ட்ரிப்புக்குள் சரியாகிவிடும். ஆபத்து இந்த இடைவெளியில்தான். வெளியிலிருந்து புதிதாக ஒரு கிருமி வர வேண்டியதில்லை. நம் குடலிலும் வாயிலும் எப்போதும் இருப்பவையே ரத்தத்தில் கலந்துவிடலாம். வழக்கமான அறிகுறிகளையும் எதிர்பார்க்க முடியாது. சீழ் பிடிக்கவே வெள்ளையணு வேண்டும். அது இல்லாதபோது சீழ் இருக்காது, பெரிய வீக்கம் இருக்காது. பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம்.

அந்த ஒரே அடையாளத்தைத்தான் பாரசிட்டமால் அழித்துவிடும். காய்ச்சல் இறங்கும், அப்பா தூங்குவார், நீங்களும் நிம்மதியாகப் படுப்பீர்கள். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும். விடியும்போது ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்படுகிறவர்களின் குடும்பத்தினர் பெரும்பாலும் சொல்வது, “நைட்டே லேசாகக் காய்ச்சல் இருந்தது, மாத்திரை கொடுத்ததும் விட்டுவிட்டது” என்பதுதான். கேட்கும்போது மனம் பதறுகிறது. ஏனென்றால் சீக்கிரம் வந்திருந்தால் இது காப்பாற்றக்கூடிய விஷயம். அதே சார்ட்டெட் ஆய்வில் டோசிடாக்சல் பெற்றவர்களில் 100-க்கு 6 பேர் அளவில் வெள்ளையணு குறைவோடு காய்ச்சல் வந்தது. பெரும்பாலானோருக்கு வராது. ஆனால் வந்தால், முதல் சில மணி நேரத்தில் என்ன செய்தீர்கள் என்பதுதான் பிழைப்பதைத் தீர்மானிக்கும்.

எனவே இன்றே ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்குங்கள். உடம்பு கதகதவென்று இருந்தாலோ, குளிர்கிறது என்றாலோ, காரணமில்லாமல் சோர்ந்து படுத்தாலோ, முதலில் வாயிலோ அக்குளிலோ வைத்து அளந்து பாருங்கள். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரும் மருந்தும் இந்தக் காலத்தில் கூடாது. 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், மணி எதுவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அவசரப் பிரிவின் வாசலிலேயே, “கீமோ ஏற்றி இத்தனை நாள் ஆகிறது, காய்ச்சல் இருக்கிறது” என்று சொல்லுங்கள். அங்கே ரத்தம் எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றத் தொடங்க வேண்டும். வெள்ளையணு எண்ணிக்கை சரியாக இருந்தால் வீட்டுக்கே அனுப்பிவிடவும் கூடும். வீண் அலைச்சல் ஆனாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வயதானவர்களுக்குச் சில சமயம் காய்ச்சலே ஏறாது. ட்ரிப்பையொட்டிக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் காய்ச்சலை அமுக்கும். அதனால் குளிர் நடுக்கம் வந்தாலோ, திடீரென்று பேச்சு குழறினாலோ, ஆளே குழம்பிப்போனாலோ தெர்மாமீட்டர் என்ன காட்டினாலும் கிளம்பிவிடுங்கள்.

மீந்துபோன ஆன்டிபயாடிக்கைத் தூக்கிப் போடுங்கள். எந்தக் கிருமிக்கு, யாருக்கு, எப்போது எழுதியது அது? அதில் கிளாரித்ரோமைசின் இருந்தால் இன்னும் மோசம். டோசிடாக்சலை உடைத்து வெளியேற்றும் கல்லீரல் என்சைமை அது முடக்கும். மருந்து உடம்பிலேயே தங்கி, வெள்ளையணு இன்னும் கீழே போகும்.

மூலிகைப் பொடியையும் நிறுத்துங்கள். கீமோ விஷம், மூலிகை இயற்கை என்று நம்பித்தான் வாங்கியிருப்பீர்கள். டோசிடாக்சலே ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து எடுத்த பொருளைக் கொண்டு பிரான்சில் பியர் பொத்தியேவும் அவரோடு வேலை செய்தவர்களும் உருவாக்கியது. அந்த இலையை அப்படியே தின்றால் ஆள் இறந்துபோவார். அதிலிருந்து ஒரு பொருளை மட்டும் பிரித்தெடுத்து, மாற்றியமைத்து, எந்த அளவில், எவ்வளவு நேரத்தில் கொடுக்கலாம் என்று கண்டறிந்த பிறகுதான் அது மருந்தானது. உங்கள் பொடியில் என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் போன்ற மூலிகைகள் அதே கல்லீரல் என்சைமைத் தூண்டிவிட்டு, மருந்தை வேலை செய்யுமுன்பே உடைத்துவிடக்கூடும். எதிர்ப்புச் சக்திக்கு வழி வேண்டுமென்றால் மருத்துவரிடம் கேளுங்கள். வெள்ளையணுக்களைக் கூட்டும் ஊசி இருக்கிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்குப் பல நேரம் அதைச் சேர்த்தே கொடுக்கிறோம். அந்த ஊசிக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் எலும்பு வலிக்கலாம். வலிக்குப் பாரசிட்டமால் கொடுக்கச் சொல்லியிருந்தாலும், முதலில் காய்ச்சல் இருக்கிறதா என்று அளந்துவிட்டுக் கொடுங்கள்.

மற்ற பயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முடி கொட்டும், சிகிச்சை முடிந்ததும் பெரும்பாலும் முளைத்துவிடும். நகம் நிறம் மாறும், வளர வளரச் சரியாகும். இதயத்தைப் பற்றி நீங்கள் படித்தது பெரும்பாலும் டாக்ஸோரூபிசின் என்ற வேறு கீமோ மருந்தைப் பற்றியதாக இருக்கும். டோசிடாக்சலில் கால் வீங்கி, உடம்பில் நீர் சேரலாம். அதைக் குறைக்கத்தான் டெக்ஸாமெத்தசோன், ஒரு வேளையும் தவறவிட வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், மருத்துவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தைகள் தாராளமாகத் தாத்தா மடியில் உட்காரலாம். சளி, காய்ச்சல் உள்ள குழந்தையை மட்டும் தள்ளிவையுங்கள், அதுவும் தாத்தாவின் நலனுக்காக. ட்ரிப் ஏற்றிய முதல் 2 நாள் அவருடைய சிறுநீர், மலம், வாந்தியைச் சுத்தம் செய்கிறவர்கள் கையுறை போட்டுக்கொண்டால் போதும்.

விரல் நுனி மரத்துப்போனால் அடுத்த ட்ரிப்புக்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார். முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலோ சிறுநீர் போக முடியாமல் ஆனாலோ அது மருந்தின் வேலை இல்லை. முதுகுத்தண்டில் நோய் அழுத்துவதாக இருக்கலாம், அன்றைக்கே காட்ட வேண்டும். ஒவ்வொரு ட்ரிப்புக்கு முன்னும் ரத்தம் பார்ப்பார்கள். நியூட்ரோஃபில் 1,500-க்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடுவார்கள். அதனால் சிகிச்சை தோற்றுவிட்டது என்று எண்ணிக் கலங்க வேண்டாம்.

அப்பாவிடம் மறைத்திருப்பது சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. சத்து ஊசி என்று நம்புகிறவர், இரவில் உடம்பு நடுங்கினால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுப்பார். வீட்டில் யாரையும் எழுப்ப மாட்டார், “சாதாரணக் குளிர்தானே” என்பார். தன் ரத்தத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தவர்தான் தெர்மாமீட்டரைக் கேட்பார். மேலும் இது அவர் உடம்பு. முன்னால் வரும் கஷ்டத்தைப் பின்னால் வரும் காலத்துக்காகத் தாங்கலாமா என்று சொல்ல வேண்டியவர் அவர்தான். எலும்புக்குப் பரவியிருக்கிறது என்பதைக் கேட்டு அவர் உடைந்துபோவார் என்று பயப்படுகிறீர்கள். அன்று வருத்தப்படுவார்தான். ஆனால் முடி கொட்டத் தொடங்கியதும் அவரே கண்டுபிடித்துவிடுவார். அதுவரை நீங்கள் சொன்ன எதையும் அதற்குப் பிறகு நம்ப மாட்டார்.

முதல் ட்ரிப்புக்கு இன்னும் நாள் இருக்கிறது. அதற்குள் அவரையும் கூட்டிக்கொண்டு மருத்துவரைப் போய்ப் பாருங்கள். மருத்துவர் அவரிடமே நேராகப் பேசட்டும். இரவில் காய்ச்சல் வந்தால் எந்த எண்ணுக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கி, அதை அப்பாவின் போனிலும் பதிந்து கொடுங்கள்.