பரிசு நின்றது, படிப்பும் நின்றது

கேள்வி: என் ஒன்பது வயது மகன் யாரும் சொல்லாமலே கதைப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். இன்னும் நிறையப் படிக்கட்டுமே என்று, ஒரு புத்தகம் முடித்தால் ஒரு சிறு பரிசு தர ஆரம்பித்தேன். எண்ணிக்கை கூடியது, ஆனால் மெல்லிய புத்தகங்களாகப் பார்த்து எடுத்தான். பரிசை நிறுத்தியதிலிருந்து அலமாரிப் பக்கமே போவதில்லை. நான் செய்த தவறு என்ன?

பதில்: முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: மெல்லிய புத்தகமாகத் தேடி எடுத்தது சோம்பலால் அல்ல. நீங்கள் பரிசு வைத்தது புத்தகத்தின் எண்ணிக்கைக்கு. அவன் அந்தக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறான்.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகிய மூன்று உளவியலாளர்கள் 1973இல் வெளியிட்ட ஆய்வு, ஏறக்குறைய உங்கள் வீட்டில் நடந்ததையே காட்டுகிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில், வண்ணப் பேனாக்களால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்டிருந்த குழந்தைகளை மட்டும் தேர்ந்தெடுத்து, அவர்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நிற நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் கிடைக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் சொல்லாமல் வரைந்து முடித்தபின் அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, அதே பேனாக்களை வகுப்பறை மேசையில் வைத்துவிட்டுக் கவனித்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி அளவே அவற்றில் செலவிட்டார்கள். எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசையோ குறையவில்லை.

ஆக, கெடுத்தது சான்றிதழ் அல்ல, 'இதைச் செய்தால் அது கிடைக்கும்' என்ற பேரம்தான். பிடித்ததால் செய்கிறேன் என்றிருந்த உள்ளார்ந்த ஊக்கத்தின் இடத்தில், கிடைப்பதால் செய்கிறேன் என்ற புற ஊக்கம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கிடைப்பது நின்றால் செய்வதற்குக் காரணமே இல்லாமல் போகிறது.

இனி என்ன செய்யலாம்? மறுபடியும் பரிசு வேண்டாம். 'ஏன் படிக்கவில்லை' என்ற விசாரணையும் வேண்டாம். எந்தப் புத்தகம், எத்தனை பக்கம், பாதியில் மூடிவைப்பதா என்பதையெல்லாம் அவனிடமே விட்டுவிட்டு, நீங்கள் படிப்பதை அவன் பார்க்கும்படி படியுங்கள். நாளாகலாம்.

கேள்வி: அப்படியானால் பாராட்டுவதும் தவறுதானா?

பதில்: இல்லை. எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரயன் ஆகிய உளவியலாளர்கள் 1999இல் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முன்கூட்டியே அறிவிக்கப்பட்ட பொருட்பரிசு ஆர்வத்தைக் குறைப்பதையும், வாய்ப்பாராட்டு பொதுவாக அதைக் கூட்டுவதையும் கண்டார்கள். கல்லூரி மாணவர்களிடம் தெளிவாகத் தெரிந்த அந்த நற்பயன் சிறுவர்களிடம் அவ்வளவாகத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பாராட்டு எப்படிச் சொல்லப்படுகிறது என்பதும் முக்கியம். 'இந்த இடத்தில் வேறு வழி கண்டுபிடித்திருக்கிறாயே' என்பது குழந்தைக்குத் தன் திறமையைப் பற்றிய செய்தி. 'நல்லது, நான் எதிர்பார்த்தபடியே செய்துவிட்டாய்' என்பது, இனிப்புத் தடவியிருந்தாலும், கடிவாளம்.

கேள்வி: என் மகளுக்கு வாய்ப்பாடு என்றாலே வெறுப்பு. இல்லாத ஆர்வத்தைப் பரிசு எப்படிக் கெடுக்கும்?

பதில்: நியாயமான கேள்வி, கெடுக்காது என்பதே என் பதிலும். மேலே சொன்ன ஆபத்து ஏற்கெனவே ஆர்வம் உள்ள இடத்தில்தான். முதல் சில நாட்கள் உட்கார வைப்பதற்கு ஒரு சிறு பரிசு உதவினால் தயங்க வேண்டாம், ஆனால் அதோடு விட்டுவிடவும் வேண்டாம். டெசியும் சக ஆய்வாளர்களும் 1994இல் வெளியிட்ட ஒரு பரிசோதனையில், கணினித் திரையில் ஒளிப்புள்ளி தோன்றும்போதெல்லாம் ஒரு விசையை அழுத்தும் அலுப்பான வேலையைக் கொடுத்தார்கள். அதன் பயனை எடுத்துச் சொல்லி, 'இது சலிப்பாகத்தான் இருக்கும்' என்று ஒப்புக்கொண்டு, கட்டளையிடாமல் பேசியபோது, வற்புறுத்தல் இல்லாத நேரத்திலும் பலர் அதைத் தாமாகவே தொடர்ந்தார்கள். உங்கள் மகளிடமும் வாய்ப்பாடு சுவையானது என்று சாதிக்காதீர்கள்; அவள் நம்பமாட்டாள். பெரிய பெருக்கல் கணக்கு ஒன்றை எடுத்து, ஏழெட்டு எவ்வளவு என்று நினைவில் இல்லாததால் அவள் எந்த வரியில் நின்றுபோகிறாள் என்பதைக் காட்டுங்கள். எந்த வாய்ப்பாட்டை முதலில் எடுப்பது என்பதை அவளே சொல்லட்டும்.