கஞ்சா மருந்து: இறுக்கத்துக்குக் கேக்குமா, நடுக்கத்துக்குக் கேக்குமா?

போன இதழ்ல கை கால் வெறச்சுப் போறது பத்தி எழுதியிருந்தேன். அதுக்கு அப்புறம் வந்த கேள்விகள் முக்காவாசி ஒரே விஷயத்தப் பத்தித்தான், அதனால எல்லாத்தையும் சேத்து இங்கயே பதில் சொல்லிடறேன்.

கேள்வி: டாக்டர் மேடம் வணக்கம். என் வீட்டுக்காரருக்கு 44 வயசு, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ்னு (மூளை, முதுகுத்தண்டு நரம்போட மேலுறை கெட்டுப்போற நோய்) சொல்லியிருக்காங்க. ராத்திரி ஆனா ரெண்டு காலும் வெறச்சு நீட்டிக்குது, மடக்கவே முடியல, வலியில தூங்க மாட்டேங்கறாரு. தசை தளர பாக்லோஃபென் மாத்திரை 10 மில்லிகிராம் மூணு வேளை போடறாரு. பாரிஸ்ல இருக்கற என் நாத்தனார், அங்க இதுக்கு கஞ்சா எண்ணெய டாக்டருங்களே எழுதித் தர்றாங்க, பொங்கலுக்கு வர்றப்ப எடுத்துட்டு வரேன்னு சொல்றாங்க. வாங்கலாமா?
— வாசகி, அரியாங்குப்பம்

பதில்: உங்க நாத்தனார் சொல்றது பொய் இல்லம்மா. பிரான்ஸ்ல 2021 மார்ச் மாசம் அரசாங்கமே ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பிச்சுது, 3000 பேர் வரைக்கும் சேக்கலாம்னு, அதுல இந்த நோயால வர்ற வலியோட கூடின இறுக்கமும் ஒரு பிரிவு. இங்கிலாந்துல அதுக்கும் முன்னாடியே, 2010-லயே, சாட்டிவெக்ஸ்னு வாய்க்குள்ள அடிச்சுக்கற ஒரு ஸ்பிரேக்கு அனுமதி குடுத்துட்டாங்க. ஒரு தடவ அடிச்சா 2.7 மில்லிகிராம் டி.ஹெச்.சி. (கஞ்சாவுல போதை தர்ற பொருள்), 2.5 மில்லிகிராம் சி.பி.டி. (அதுலயே போதை தராத இன்னொரு பொருள்), ஒரு நாளைக்கு 12 தடவைக்கு மேல போகக் கூடாது. மத்த மாத்திரைங்க எடுபடாதவங்களுக்கு மட்டும்தான் அது, அதுவும் மொதல்ல 4 வாரம் குடுத்துப் பாப்பாங்க, கஷ்டம் 20 சதவீதமாவது கொறஞ்சாத்தான் தொடருவாங்க, இல்லன்னா நிறுத்திடுவாங்க. இந்தக் கணக்க மனசுல வெச்சுக்கோங்க, ஏன்னா மருந்து பலிக்கறவங்களுக்கே இவ்ளோதான் எதிர்பாக்கறாங்க, எழுந்து ஓடிடுவாருன்னு யாரும் சொல்லல.

ஏன் கேக்குதுன்னா, தசை இறுகறதும் தளர்றதும் முதுகுத்தண்டுல இருக்கற நரம்புச் சுற்றுல நடக்குது, அத மூளை மேல இருந்து அடக்கி வெச்சிருக்கும், நோயில அந்த வழி அடிபட்டா பிரேக் போன வண்டி மாதிரி அந்தச் சுற்று தன்பாட்டுக்கு இழுக்க ஆரம்பிச்சிடும். டி.ஹெச்.சி. போய் ஒட்டிக்கற இடம் முதுகுத்தண்டுலயும் மூளையிலயும் நெறைய இருக்கு, ஒட்டினா நரம்பு முனையில இருந்து கிளம்பற சிக்னல் கொறையும். ஆனா 2003-ல இங்கிலாந்துல 600 பேருக்கு மேல வெச்சு மாத்திரையா குடுத்துப் பாத்தப்ப ஒரு விஷயம் தெரிஞ்சுது, டாக்டர் கைய கால மடக்கி அளந்து பாத்தா பெரிய வித்தியாசம் இல்ல, நோயாளிங்கள கேட்டா மட்டும் இறுக்கம் பரவால்ல, வலி பரவால்ல, தூக்கம் வருதுன்னு சொன்னாங்க. நோயாளி சொல்றத நான் தள்ளிவிட மாட்டேன், ராத்திரி தூங்கறது ஒண்ணும் சின்ன விஷயம் இல்ல.

இருந்தாலும் எடுத்துட்டு வர வேணாம்னு இன்னைக்கே ஃபோன் பண்ணிச் சொல்லிடுங்க. அந்த ஊர்ல சீட்டோட வாங்கினதா இருந்தாலும் லைசென்ஸ் இல்லாம விமானத்துல கொண்டு வந்தா நம்ம நாட்டு 1985 போதைப்பொருள் சட்டப்படி அது கடத்தல்தான், பாட்டில் சின்னதா இருக்கேன்னு விட மாட்டாங்க, நல்லது பண்ண வந்த பொண்ணு ஏர்போர்ட்லயே மாட்டிக்கும்.

அதவிட முக்கியம், உங்க கடிதத்துல நான் தேடின சில விஷயம் இல்ல. இறுக்கம் திடீர்னு அதிகமானா மொதல்ல பாக்க வேண்டியது ஒண்ணுக்குப் போற எடத்துல இன்ஃபெக்ஷன் இருக்கா, மலச்சிக்கலா, படுக்கைப்புண் இருக்கா, கால் நகம் சதைக்குள்ள வளந்திருக்கா, இதெல்லாம். உடம்புல எங்க உறுத்தினாலும் இந்த நோயில அது காலுக்கு இறுக்கமாத்தான் வந்து சேரும், ஒரு யூரின் டெஸ்ட்ல கண்டுபிடிச்சு சரி பண்ணா கால் தானா தளரும். அடுத்தது, 30 மில்லிகிராம் பாக்லோஃபென் ஒண்ணும் கடைசி அளவு இல்ல, உங்க நரம்பு டாக்டர் பாத்து மெதுவா ஏத்தலாம், இல்ல ராத்திரிக்கு டிசானிடின் சேக்கலாம். ஆனா பாக்லோஃபென நீங்களா சட்டுனு நிறுத்தவே நிறுத்தாதீங்க, ஃபிட்ஸ் வரும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், எண்ணெய் வந்துடுச்சேன்னு மாத்திரைய விட்டுட்டு அவசரப் பிரிவுக்கு வர்றதத்தான் நான் ரொம்பப் பயப்படறேன். தெனமும் ரெண்டு வேளை கால நீட்டி மடக்கி விடுங்க, ஜிப்மர்லயே பிசியோதெரபி இருக்கு, ஒரு நாள் கூடப் போய் எப்படிப் பிடிக்கறாங்கன்னு நீங்களே கத்துக்கோங்க. அப்புறம் இந்த நோய் 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்துல இருக்கற 21 வகையில ஒண்ணு, கார்டு வாங்கலன்னா அப்ளை பண்ணிடுங்க.

கேள்வி: ராத்திரி தூக்கத்துல கெண்டைக்கால்ல குரக்களி பிடிக்குது, உயிரே போகுது. எனக்கும் இந்த எண்ணெய் கேக்குமா?
— வாசகர், பண்ருட்டி

பதில்: இது வேறங்க, நரம்பு நோய் இறுக்கம் இல்ல. பிடிக்கறப்ப கால நீட்டி பாதத்த மேல பாத்து மடக்குங்க, விட்டுடும். அடிக்கடி வந்தா சுகர், தைராய்டு, உப்பு அளவு எல்லாம் ஒரு தடவ பாத்துடுங்க. கஞ்சா எல்லாம் தேவையே இல்ல.

கேள்வி: எனக்கு 67 வயசு. ஒரு வருஷமா வலது கை சும்மா இருக்கறப்ப நடுங்குது, இப்ப இடது கையும். வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்தது, பார்க்கின்சன்ஸ் வந்த ஒரு வெளிநாட்டுக்காரர் நாக்குக்கு அடியில கஞ்சா எண்ணெய் விட்டதும் கொஞ்ச நேரத்துல கை நின்னு போகுது. எனக்கும் அது தான் வழியா? சுகர் இல்ல, பிரஷருக்கு ஒரு மாத்திரை, தலை சுத்தலுக்கு ஃப்ளூனரிசின் போன வருஷத்துல இருந்து போடறேன்.
— வாசகர், கடலூர் முதுநகர்

பதில்: ஐயா, உங்க கடிதத்தோட கடைசி வரிதான் என்ன உக்கார வெச்சுது. ஃப்ளூனரிசின், சின்னரிசின் இந்த ரெண்டு தலைசுத்தல் மாத்திரையும் மூளையில உடம்பு அசைவ நடத்தற டோபமின்ங்கற பொருளோட வேலைய அடைக்கும், மாசக்கணக்கா போட்டா வயசானவங்களுக்கு அச்சு அசல் பார்க்கின்சன்ஸ் மாதிரியே நடுக்கமும் மெதுநடையும் வரலாம். வாந்திக்குக் குடுக்கற மெடோகுளோப்ரமைடும் மனநோய்க்கான சில மாத்திரைங்களும் அப்படித்தான். உங்க நடுக்கமும் அந்த மாத்திரையும் ஏறக்குறைய ஒரே சமயத்துல ஆரம்பிச்சிருக்கு. அதுக்காக இதுதான் காரணம்னு நான் இங்க உக்காந்து முடிவா சொல்ல முடியாது, ஆனா இந்த வாரமே சீட்டையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கிட்டு நரம்பு டாக்டர்கிட்ட போங்க, இது நிறுத்தலாமான்னு நேராவே கேளுங்க. நிறுத்தினா நடுக்கம் கொறைய வாரங்களும் ஆகலாம் மாசங்களும் ஆகலாம், பொறுமை வேணும். பலருக்கு நல்லாயிடுது, சிலருக்கு உள்ள மறைஞ்சிருந்த பார்க்கின்சன்ஸ் வெளிய தெரிஞ்சதா இருக்கும், அதுக்கு லெவோடோபா இருக்கு, அம்பது வருஷத்துக்கும் மேல நிரூபிச்ச மருந்து.

வீடியோ விஷயத்துக்கு வரேன். இறுக்கத்துக்குக் கேக்கற மருந்து நடுக்கத்துக்கும் கேக்கும்னு நெனைக்கறது இயல்புதான், ஆனா கேக்கல. 2014-ல அமெரிக்க நரம்பியல் அகாடமி அதுவரைக்கும் நடந்த ஆய்வு எல்லாத்தையும் ஒண்ணா வெச்சுப் பாத்துச்சு, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் இறுக்கத்துக்கு நோயாளிங்க சொல்ற அளவுல பலன் இருக்குன்னு எழுதினவங்களே, அதே நோயில வர்ற நடுக்கத்துக்கு அனேகமா பலன் இல்லன்னு எழுதினாங்க, பார்க்கின்சன்ஸ்ல லெவோடோபா மாத்திரையால வர்ற ஆட்டத்துக்கும் பலன் தெரியல. நடுக்கம் பொறக்கற எடம் வேற, மூளைக்குள்ள ஆழத்துல இருக்கற சுற்றுங்க. அது பதட்டத்துல ஏறும், மனசு அமைதியானா எறங்கும், தூங்கினா நின்னுடும், அதனால ஒரு மயக்கம் தர்ற எதக் குடுத்தாலும் கேமரா முன்னாடி கொஞ்ச நேரம் கை அமைதியாத் தெரியும். அந்த மனுஷர் நடிக்கறாருன்னு நான் சொல்லல, அவருக்கு நிஜமாவே சுகமா இருந்திருக்கும். ஆனா அறுபத தாண்டினவங்களுக்கு டி.ஹெச்.சி. குடுத்தா எழுந்து நிக்கறப்ப பிரஷர் எறங்கும், தலை கிறுகிறுக்கும், இல்லாத உருவம் தெரியும், பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு போனா அதோட கதை வேற.

கேள்வி: கஞ்சா நம்ம நாட்டுச் செடி. நம்மகிட்ட இருந்து எடுத்துக்கிட்டுப் போய் வெள்ளைக்காரன் மருந்து பண்றான், நாம செடிய வெச்சிருந்தாலே ஜெயில். இது நியாயமா மேடம்?
— ஓய்வு பெற்ற ஆசிரியர், நெல்லிக்குப்பம்

பதில்: உங்க கோவத்துல பாதி எனக்கும் உண்டு சார். 1839-ல கல்கத்தாவுல ஓஷாஹ்னஸிங்கற டாக்டர் நம்ம ஊர் வைத்தியருங்க சொன்னத வெச்சுத்தான் டெட்டனஸ் நோயாளிங்களுக்குக் குடுத்துப் பாத்து, தசை இழுப்பு தளருதுன்னு எழுதினாரு, ஐரோப்பாவுக்கு இது மருந்தா போனதே அந்த வழியில. ஆனா 1985 சட்டம் மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் கதவ முழுசா சாத்தல, லைசென்ஸ் வாங்கிப் பண்ணலாம்னு எட்டாம் பிரிவுலயே இருக்கு. 2020 டிசம்பர்ல ஐ.நா. போதைப்பொருள் ஆணையம் கஞ்சாவ ரொம்ப ஆபத்தானதுங்கற நாலாவது பட்டியல்ல இருந்து எடுத்தப்ப, 27-க்கு 25-ன்னு ஓட்டு விழுந்துச்சு, இந்தியா எடுக்கலாம்னுதான் ஓட்டுப் போட்டுச்சு. அப்புறம் ஏன் நம்ம நோயாளிக்கு இன்னும் அளவு சரியா இருக்கற ஒரு நல்ல மருந்து மருந்துக்கடையில கிடைக்கல, இத நான் கேட்டுக்கிட்டேதான் இருப்பேன். அதுக்காக தெருவுல விக்கறத வாங்கி மருந்துன்னு சொல்றதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், அதுல என்ன இருக்கு எவ்ளோ இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாது.

கேள்வி: அக்கா, அப்பாவுக்கு பக்கவாதம் வந்து எட்டு மாசம், வலது கை முஷ்டியா மூடிக்கிச்சு, விரல பிரிச்சா கத்தறாரு. ஆன்லைன்ல 'விஜயா' இலைச் சாறுன்னு விக்கறாங்க, சட்டப்படிதான்னு போட்டிருக்கு. வாங்கவா? அவருக்கு ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் குடுக்கறாங்க.
— வாசகர், வில்லியனூர்

பதில்: தம்பி, வாங்காதப்பா. விஜயாங்கறது கஞ்சாவுக்கு ஆயுர்வேதப் பேர். பூ இல்லாம தனியா இருக்கற இலை அந்த 1985 சட்டத்துல கஞ்சாங்கற வரையறைக்குள்ள வராது, அத வெச்சுத்தான் சட்டப்படின்னு போடறாங்க, ஆனா ஆயுர்வேத சித்த மருந்துல கஞ்சா விஷச்சரக்குப் பட்டியல்ல இருக்கு, மருத்துவர் மேற்பார்வையில மட்டும்னு லேபிள்லயே போடணும். உங்க அப்பாவுக்கு நான் வேணாம்னு சொல்ற காரணம் வார்ஃபரின். சி.பி.டி.யும் டி.ஹெச்.சி.யும் வார்ஃபரின் உடம்புல கரையற வேகத்தக் கொறைக்கும், ரத்தம் ரொம்ப நீத்துப்போய் மூளையிலயே கசியலாம். மேல சொன்ன சாட்டிவெக்ஸ் ஸ்பிரேக்குக் கூட பக்கவாதத்துக்குன்னு அனுமதி இல்ல, மல்டிபிள் ஸ்கிளீரோசிஸுக்கு மட்டும்தான். சணல் விதை (கஞ்சாச் செடி வகையோட விதை, ஹெம்ப்) எண்ணெய்னு ஒண்ணும் விக்கறாங்க, அது சமையல் எண்ணெய், இறுக்கத்துக்கு ஒண்ணும் பண்ணாது.

மூடின கைக்கு இன்னைக்கு நல்ல வைத்தியம் போடாக்ஸ் ஊசி, இறுகின தசையில மட்டும் போடுவாங்க, மூணு மாசம் வரைக்கும் தளர்வா இருக்கும், அந்த மூணு மாசத்துல பிசியோதெரபி பண்ணாத்தான் பலன். வார்ஃபரின் போடறவங்களுக்கும் ஐ.என்.ஆர். (ரத்தம் எவ்ளோ நேரத்துல உறையுதுன்னு பாக்கற டெஸ்ட்) பாத்துட்டு போடலாம், ஊசி போடறவர்கிட்ட முன்னாடியே சொல்லிடு. அதுவரைக்கும் நகத்த ஒட்ட வெட்டி விடு, வெதுவெதுப்பான தண்ணியில கைய கொஞ்ச நேரம் வெச்சு, மொதல்ல மணிக்கட்ட உள்பக்கமா மடக்கிக்கிட்டு அப்புறம் கட்டை விரல்ல இருந்து மெதுவா பிரி, அப்படிப் பிரிச்சா அவ்ளோ வலிக்காது.