முத்துராஜவெல முதல் பெத்தகான வரை: சதுப்பு நிலக் கேள்வி பதில்

சதுப்பு நிலங்களையும் அங்கே வளரும் செடிகளையும் பற்றிக் கொழும்பு வாசகர்கள் கேட்டவற்றுக்கு, தாவரவியல் படிப்பித்து இளைப்பாறிய ஆசிரியை ஒருவர் தரும் பதில்கள்.

வத்தளையிலிருந்து: ரீச்சர், முத்துராஜவெல சதுப்புக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. வெறும் சேறுதானே, அதில் படிக்க என்ன இருக்கிறது?

அந்தச் சேறு உருவாகத் தொடங்கி ஏறக்குறைய 7,000 ஆண்டுகள். வேறு இடங்களில் செடி செத்து விழுந்தால் உக்கி மண்ணாகிவிடும். இங்கே நிலம் எப்போதும் தண்ணீரில் ஊறிக் கிடப்பதால் உள்ளே காற்றுப் போகாது. உக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஒட்சிசன் போதாமல், வேரும் இலையும் அரைகுறையாக உக்கி அடுக்கடுக்காகத் தங்கிவிடுகின்றன. அந்தக் கறுப்புப் படிவைத்தான் பீட் என்கிறோம்.

உலகின் தரைப்பரப்பில் பீட் நிலம் 3 வீதம்தான். ஆனாலும் எல்லாக் காடுகளின் மரங்களிலும் உள்ளதை விட அதிக காபன் அதற்குள் அடங்கியிருக்கிறது. தண்ணீரை வடியவிட்டால் காற்றுப் பட்டு அது காபனீரொட்சைட்டாக வெளியேறும். கடல்நீர் கலக்கும் பீட்டில் கந்தகமும் உண்டு. காய்ந்தால் அமிலம் உண்டாகி அக்கம்பக்கத்துத் தண்ணீரையும் கெடுக்கும். 1996இல் முத்துராஜவெலவின் ஒரு பகுதி சரணாலயமானது. மிச்சத்தில் மண் வெட்டும் பெக்கோ இறங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது.

உயர்தர மாணவி: புத்தகத்தில் ஸ்பாக்னம் பாசி என்று வருகிறது. முத்துராஜவெலவுக்குப் போனால் பார்க்கலாமா?

அங்கே தேட வேண்டாம், மகள். அயர்லாந்து, பின்லாந்து போன்ற குளிர் நாடுகளில், மழைநீரை மட்டுமே நம்பியிருக்கும் சதுப்புகளை உருவாக்குவது அந்தப் பாசிதான். தன் உலர்ந்த எடையைப் போல் 20 மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும், சுற்றியுள்ள நீரையும் புளிப்பாக்கும். முத்துராஜவெலவுக்கு ஆற்று நீரும் நீர்கொழும்புக் களப்பின் உப்பு நீரும் வருவதால், நாணல், சம்பு, கண்டல் மரங்கள், உவரில் வளரும் பெரிய பன்னம் என்று வேறொரு கூட்டமே வாழ்கிறது.

மலைநாட்டுப் பீட்டைப் பற்றி அறிய விருப்பமென்றால் ஹோர்ட்டன் சமவெளியைப் படியுங்கள். அங்கே படிந்திருந்த மகரந்தத்தை வைத்து 24,000 ஆண்டுக் காலநிலையை ஆய்வாளர்கள் வாசித்திருக்கிறார்கள்!

வெள்ளவத்தையிலிருந்து: பூச்சி தின்னும் குடுவைச் செடி மூடியைப் பட்டென்று மூடிவிடுமாமே?

இல்லை. அந்த மூடி அசையாது. மழைநீர் அதிகம் விழாமல் குடைபோல் மறைக்கும், அவ்வளவுதான். விளிம்பு வழுக்கி உள்ளே விழும் எறும்பு அங்குள்ள திரவத்தில் மூழ்கிச் செரித்துவிடும். மண்ணில் நைதரசன் போதாத இடத்தில் செடிக்கு இதுதான் வழி. சிங்களத்தில் பந்துரா என்கிற நமது இனம் இலங்கைக்கு மட்டுமே உரியது. ஈரவலயத்தில் சிங்கராஜப் பக்கம் போனால் பாதையோரத்திலேயே காணலாம். அழுகண்ணி வேறு வகை: இலை மயிர்களின் நுனியில் பசை மினுங்கும், பூச்சி அதில் ஒட்டிக்கொள்ளும். ஈரமணலில் குனிந்து தேடினால்தான் கண்ணில் படும்.

தயவுசெய்து எதையும் பிடுங்கி வராதீர்கள். நாற்றுமேடையில் வளர்த்த செடி கிடைத்தால் வாங்கி, மழைநீர் மட்டும் ஊற்றுங்கள். பசளை போட்டால் செத்துவிடும். பீட் தேடவும் தேவையில்லை. ஐரோப்பியத் தோட்டக்காரர்களே பீட்டுக்குப் பதிலாக நம் நாட்டிலிருந்து போகும் தும்புத்தூளைப் பயன்படுத்துகிறார்கள்.

ராஜகிரியவிலிருந்து: வாய்க்கால் முழுக்கப் பச்சையாக மூடிக் கிடக்கிறதே, நல்லதுதானே?

நல்லதல்ல. பெரும்பாலும் ஆகாயத்தாமரை அல்லது சல்வீனியாவாக இருக்கும். இரண்டும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தவை, கீழே வெளிச்சமும் ஒட்சிசனும் போகவிடாதவை. வெல் ஆத்தா என்கிற மரமும் அப்படித்தான் சதுப்புக்குள் பரவுகிறது.

கிருலப்பனையிலிருந்து: பிள்ளைகளோடு எங்கே போகலாம், அக்கா?

முதலில் பெத்தகான ஈரநிலப் பூங்கா. பலகைப் பாதை இருக்கிறது, சேற்றில் இறங்க வேண்டியதில்லை. அப்புறம் தலவத்துகொடையில் தியசரு பூங்கா. ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமானது இப்படியான இடங்களால்தான். முத்துராஜவெலவுக்கு என்றால் பமுனுகமப் பக்கம் படகு ஏறலாம். காலையிலேயே போங்கள், கைவில்லை ஒன்று எடுத்துச் செல்லுங்கள். காலில் காயம் இருந்தால் அந்தத் தண்ணீரில் வைக்க வேண்டாம், எலிக்காய்ச்சல் பயம் இருக்கிறது. முதலையும் உண்டு, ஆகவே பிள்ளைகளைக் கரையோரத்தில் தனியே விடாதீர்கள்.