கிரவல் அள்ளிய குழிக்கு நானோ திரவமா?

கேள்வி: ஒட்டுசுட்டானில் மேட்டுக்காணி. ஐந்து வருடத்துக்கு முன் அரை ஏக்கரில் கிரவல் அள்ளக் கொடுத்தேன், இப்போது அதில் புல்லும் முளைப்பதில்லை. நானோ திரவம் அடித்தால் மண் திருந்தும், போனில் படம் எடுத்தால் ஆப் குறையைச் சொல்லும் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம் தம்பி.

அவர் சொல்வது முழுப்பொய்யும் இல்லை. ஈயம், செம்பு தோண்டும் சுரங்கங்களைச் சுற்றி மண்ணில் உலோக நஞ்சு தேங்கும். அங்கே நானோ இரும்புத் தூள் போன்றவற்றைக் கலந்தால் நஞ்சு அதில் ஒட்டிக்கொள்ளும், வேருக்குப் போவது குறையும். இப்படியான ஆப்புகளுக்கு அடிப்படையான இயந்திரக் கற்றலும் உண்மைதான். நிறைய இடங்களில் மண் எடுத்து ஆய்வுகூடத்தில் பார்த்த முடிவையும் செய்மதிப் படத்தையும் கொடுத்துப் பழக்கினால், மண் எடுக்காத இடத்தின் நிலையையும் கணினி ஓரளவு கணிக்கும். ஆனால் வன்னி மண்ணையே கண்டிராத ஆப் உங்கள் குழியைப் பார்த்து என்ன சொல்லப் போகிறது, குத்துமதிப்புத்தான்.

உங்களுக்கு நஞ்சுப் பிரச்சினையே இல்லை. நம் செங்கபில மண்ணில் கிரவல் கீழே கிடக்கும், அதை எடுக்க மேல்மண்ணை வழித்துவிட்டார்கள், மிச்சத்தை மெஷின் மிதித்து இறுக்கிவிட்டது. 2021இல் இந்தியாவிலிருந்து வந்த நானோ நைதரசன் திரவம் நினைவிருக்கிறதா? 4 வீதம் என்றால் அரை லீற்றர் போத்தலில் 20 கிராம் நைதரசன்தான். 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ. அதுவும் இலைக்கு அடிப்பது. இலையே இல்லாத இடத்தில் எதற்கு அடிப்பீர்கள்?

மண்தான் வேண்டும். அரை ஏக்கரில் ஒரு அங்குலம் பரப்பவே 18 கியூப் (ஒரு கியூப் நூறு கன அடி) போகும், கட்டுப்படியாகாது. ஆகவே மழைக்கு முன், புரட்டாதியில், சரிவுக்குக் குறுக்கே ஆழமாகக் கீறிவிடுங்கள் (கீறும்போது போர்க்கால வெடிபொருள் போலச் சந்தேகமான இரும்பு ஏதும் தென்பட்டால் தொடாமல் விலகிப் போய்ப் பொலிசுக்குச் சொல்லுங்கள், நம் ஊரில் இது சும்மா சொல்கிற பேச்சில்லை). மூன்றடிக் குழிகள் வெட்டி அவற்றில் மட்டும் குளத்து வண்டல், மாட்டெரு, உமிக்கரி கலந்து நிரப்பி மரமுந்திரிகை வையுங்கள். வண்டல் அள்ளக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுவிட்டே அள்ளுங்கள். இடைவெளியில் முதல் மழையோடு சணல் விதைத்து, பூக்கும்போது மடக்கி உழவேண்டும், முதல் வருடம் முழங்கால் உயரம் வந்தாலே பெரிய காரியம். வேலியெல்லாம் கிளிசரிடியா நட்டு, தழையை வெட்டி உள்ளே போடுங்கள். எல்லாவற்றையும்விட நான் நம்புவது பட்டி அடைப்பதைத்தான்: மாட்டுக்காரரோடு பேசி, கோடையில் சில கிழமை அந்த அரை ஏக்கரிலேயே இடம் மாற்றி மாற்றி அடைக்கச் சொல்லுங்கள். சாணமும் சலமும் சேர்ந்து விழும், ஏற்றிப் பறிக்கிற செலவும் இல்லை. கச்சான் போடும் எண்ணமிருந்தால் இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

திரவத்துக்கு வைத்த காசில் விவசாயப் போதனாசிரியர் மூலம் ஒரு மண் பரிசோதனை செய்யுங்கள். அப்புறம், குழியின் தாழ்ந்த மூலையைத் தூர்க்க வேண்டாம், அதில் நிற்கும் மழைநீர் மாரி முடிந்த பிறகும் கொஞ்ச நாள் கன்றுக்கு ஊற்ற உதவும். பிள்ளைகள் இறங்காதபடி சுற்றி அடைத்துவிடுங்கள்.