டாக்டர் பதில்கள்: பூஞ்சைக்கு மாத்திரை, அதுக்கு ஏன் இத்தனை டெஸ்ட்?

கேள்வி: அப்பாவுக்கு ரத்தப் புற்றுநோய்க்கு கீமோ கொடுத்தாங்க, அப்புறம் நுரையீரல்ல ஆஸ்பர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை வந்துடுச்சு. வோரிகோனசோல் மாத்திரை 200 மில்லிகிராம் காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு. மூணு வாரத்துல காய்ச்சல், இருமல் எல்லாம் நின்னுடுச்சு. இப்ப பிளட் டெஸ்ட் பாத்துட்டு டோஸை 300ஆ ஏத்திட்டாங்க. நல்லா இருக்கிறவருக்கு ஏன் ஏத்தணும்? நிறுத்திடலாமா டாக்டர்?

நிறுத்தாதீங்க. காய்ச்சல் போச்சுங்கிறதும் பூஞ்சை போச்சுங்கிறதும் ஒண்ணு இல்ல. ஆஸ்பர்ஜில்லஸ் நுரையீரல் திசுக்குள்ள, ரத்தக் குழாய்க்குள்ள எல்லாம் நுழைஞ்சு வளரக்கூடியது, அதனாலதான் குறைஞ்சது 6 முதல் 12 வாரம் மருந்து கொடுக்கிறது, அதுவும் உடம்போட எதிர்ப்பு சக்தி திரும்பி வந்துடுச்சா, ஸ்கேன்ல அந்த நிழல் சுருங்கிடுச்சான்னு பாத்துட்டுதான் நிறுத்துவாங்க. அப்பாவுக்கு அடுத்த கீமோ இருந்தா அது முடியற வரைக்கும்கூட தொடரலாம்.

டோஸ் விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இந்த மருந்துல எனக்கு ரொம்ப முக்கியமா படறது இதுதான். ஒரே மாத்திரையை ரெண்டு பேர் போட்டா ரெண்டு பேர் ரத்தத்துலயும் ஒரே அளவு இருக்காது. வோரிகோனசோலை உடைக்கிறது கல்லீரல்ல இருக்கிற ஒரு என்சைம், அது சிலருக்கு வேகமா வேலை செய்யும், சிலருக்கு ரொம்ப மெதுவா. மெதுவா உடைக்கிறவங்க ரத்தத்துல மருந்து சராசரியா 4 மடங்கு அளவுக்கு நிக்கும். அதனால சில நாள் மருந்து போட்ட பிறகு, அடுத்த வேளை மாத்திரைக்கு கொஞ்சம் முன்னாடி ரத்தம் எடுத்து அளவு பாப்பாங்க. மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு கீழ இருந்தா பூஞ்சை தப்பிச்சுக்கும், 5.5ஐ தாண்டினா மூளையையும் கல்லீரலையும் தொந்தரவு பண்ண வாய்ப்பு அதிகம். உங்க அப்பாவுக்கு அளவு கம்மியா இருந்திருக்கும், அதான் ஏத்தியிருக்காங்க, உடம்பு மோசமாயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல.

இன்னொன்னையும் மனசுல வைங்க, 200ல இருந்து 300ஆ ஏத்தினா மருந்து ஒன்றரை மடங்குதானே கூடும்னு தோணும், ஆனா ரத்தத்துல சராசரியா 2.5 மடங்கு கூடிடும். உடைக்கிற என்சைம் ஒரு கட்டத்துக்கு மேல திணறிடுது. அதனால டோஸ் மாத்தினதுக்கு அப்புறம் திரும்ப ஒரு டெஸ்ட் கேப்பாங்க, அதை மட்டும் தள்ளிப் போடாதீங்க. ரத்தம் எடுக்கிற அன்னிக்கு காலை மாத்திரையை போட்டுட்டுப் போனா ரிசல்ட் தப்பா வரும், ரத்தம் கொடுத்துட்டு போடுங்க. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி இல்ல ஒரு மணி நேரம் பின்னாடி, வெறும் வயித்துலதான் இது நல்லா உள்ள போகும்.

கேள்வி: இதே மாத்திரைதான் எனக்கும். போட்ட அரை மணி நேரத்துல கண்ணு கூசுது, கலர் எல்லாம் மாறித் தெரியுது, வெளிச்சம் மின்னற மாதிரி இருக்கு. பார்வை போயிடுமோன்னு பயமா இருக்கு.

பயப்படாதீங்க, இந்த மருந்துல நிறைய பேருக்கு வர்றதுதான் இது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள்ள சரியாயிடும், நாளாக நாளாக குறையும். அது வரைக்கும் ராத்திரில வண்டி ஓட்டாதீங்க, பகல்லயும் பார்வை கலங்குற நேரத்துல வேணாம். ஆனா இல்லாத ஆளு தெரியறது, குரல் கேக்கறது, குழப்பமா பேசறதுன்னா அது வேற, ரத்தத்துல அளவு கூடியிருக்கலாம், அன்னிக்கே டாக்டர்கிட்ட சொல்லணும். வீட்ல இருக்கிறவங்க இதை மனநோய்னு நினைச்சு வாரக்கணக்குல மறைச்சு வெச்சுடறாங்க, பாவம் அந்த நோயாளி தனியா தவிக்கிறார். சொன்னா டோஸைக் குறைச்சே சரி பண்ணிடலாம்.

கண்ணு மஞ்சளானா, சிறுநீர் கருப்பா போனா அதையும் உடனே சொல்லுங்க, கல்லீரல் டெஸ்ட் அப்பப்ப எடுக்கிறதே அதுக்குத்தான். மாசக்கணக்குல போடறவங்க வெயில்ல போகும்போது முழுக்கை சட்டை, தொப்பி, சன்ஸ்கிரீன் வேணும், தோல் சட்டுனு வெந்து போற மாதிரி சிவக்கும், வருஷக்கணக்குல ஆனா தோல் புற்றுநோய் வர்ற வாய்ப்பும் கூடுது. ரொம்ப நாள் போட்டு எலும்பு வலிச்சாலும் வயசாயிடுச்சுன்னு விட்றாதீங்க, இந்த மருந்துல இருந்து வர்ற ஃபுளோரைடு உடம்புல சேர்றதால வர்ற வலியா இருக்கலாம்.

கேள்வி: அம்மா பூஞ்சைக்கு இட்ராகோனசோல் கேப்சூல் சாப்பிடறாங்க. கூடவே கேஸ் மாத்திரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, ஆஸ்துமா பஃப். எல்லாம் வேற வேற டாக்டர் எழுதினது. பிரச்சினை வருமா?

வரும், நல்ல வேளை கேட்டீங்க. முதல்ல கேஸ் மாத்திரை. இட்ராகோனசோல் கேப்சூல் கரையறதுக்கு வயித்துல அமிலம் வேணும், அமிலத்தை அடக்கிட்டா மருந்து ரத்தத்துக்கே வராது, தினமும் போட்டும் குணமாகலன்னு சொல்றவங்க சிலர்கிட்ட காரணம் இதுவாதான் இருக்கும். இந்த கேப்சூலை வயிறு நிறைய சாப்பிட்ட உடனே போடணும் (அதே மருந்து சிரப்பா வந்தா வெறும் வயித்துல, வோரிகோனசோலும் வெறும் வயித்துல, குழப்பிக்காதீங்க).

கொலஸ்ட்ரால் மாத்திரை சிம்வாஸ்டாடினா இருந்தா இது கூட சேரவே கூடாது, தசை சிதைஞ்சு கிட்னி வரைக்கும் போகும். இப்பவே மாத்திரைப் பேரைப் பாத்துட்டு டாக்டருக்கு போன் பண்ணுங்க. பஃப்ல ஃப்ளூட்டிகசோனோ புடசோனைடோ இருந்தா அந்த ஸ்டீராய்டு உடம்புல தேங்கும், முகம் வீங்கும், சுகர் ஏறும், அட்ரினல் சுரப்பி தூங்கிடும். பஃப்தானே, மாத்திரை இல்லையேன்னு யாரும் அதை டாக்டர்கிட்ட சொல்றதே இல்ல. அம்மாவுக்கு ஹார்ட் ஃபெயிலியர் இருக்குன்னா இட்ராகோனசோலே யோசிச்சுத்தான் கொடுக்கணும், அதையும் சொல்லுங்க.

வோரிகோனசோல், இட்ராகோனசோல் மாதிரி அசோல் குடும்பத்து பூஞ்சை மருந்துகள் எல்லாத்துக்கும் மத்த மருந்தோட மோதற இந்த குணம் கூடவோ குறையவோ உண்டு. டிபிக்கு கொடுக்கிற ரிஃபாம்பிசினும் வலிப்புக்கு கொடுக்கிற கார்பமசெபினும் வோரிகோனசோலை ரத்தத்துல இருந்து துடைச்சே எடுத்துடும், அதனால சேர்த்துக் கொடுக்கவே மாட்டாங்க. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் போடறவங்களுக்கு ரத்தம் அதிகமா நீர்த்துப் போகும். கிட்னி மாத்தினவங்க போடற டாக்ரோலிமஸை வோரிகோனசோல் ஆரம்பிக்கும்போதே மூணுல ஒரு பங்கா குறைப்பாங்க, நிறுத்தும்போது திரும்ப ஏத்தணும், இந்த நிறுத்தற நேரத்தை மறந்துட்டா மாத்தின கிட்னிக்கே ஆபத்து. அதனால அம்மா போடற எல்லா மருந்தையும், சொட்டு மருந்து, பஃப், மூலிகைப் பொடி வரைக்கும் ஒரு பையில போட்டு டாக்டர் முன்னாடி கொட்டுங்க.

கேள்வி: என் அண்ணனுக்கு கருப்பு பூஞ்சை. வோரிகோனசோல் மாத்திரை மத்தவங்களுக்கு வேலை செய்யுதே, இவருக்கு மட்டும் ஏன் ஆம்ஃபோடெரிசின் டிரிப்? கிட்னிக்கு ஆகாதுன்னு சொல்றாங்களே.

கருப்பு பூஞ்சைன்னு சொல்றது மியூகர்ங்கிற வேற பூஞ்சை, அதுக்கு வோரிகோனசோல் வேலை செய்யாது, அதான் காரணம். எந்தப் பூஞ்சைன்னு தெரிஞ்சாதான் எந்த மருந்துன்னு முடிவாகும், பயாப்ஸி, கல்ச்சர்னு அலைய விடறது சும்மா இல்ல. பூஞ்சையோட செல் கிட்டத்தட்ட நம்ம செல் மாதிரியே கட்டப்பட்டது, அதைக் கொன்னு நம்மளை விடற மருந்து கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஆம்ஃபோடெரிசின் பூஞ்சையோட சவ்வுல இருக்கிற எர்கோஸ்டெரால்ங்கிற கொழுப்புப் பொருளைப் பிடிச்சு ஓட்டை போடுது, நம்ம கிட்னியையும் கொஞ்சம் தொட்டுடுது. அதனாலதான் கிரியேட்டினின், பொட்டாசியம், மெக்னீசியம் அடிக்கடி பாக்கறாங்க. கொழுப்பு உறைக்குள்ள வெச்ச லைப்போசோமல் வகை கிட்னிக்கு பழசை விட சாது. மருந்தோட சேர்த்து அழுகின திசுவை ஆபரேஷன் பண்ணி எடுக்கணும், சுகரை இறக்கணும், அந்த மூணும் சேர்ந்தாதான் மியூகர் அடங்கும். அடங்கினதும் போசகோனசோல் இல்ல இசாவுகோனசோல் மாத்திரைக்கு மாத்துவாங்க.

கேள்வி: பூஞ்சை மாத்திரை போடற நேரத்துல கர்ப்பம் ஆனா?

வோரிகோனசோல் குழந்தையைப் பாதிக்கலாம், அதனால மருந்து முடியற வரைக்கும் கருத்தடை அவசியம். இன்னொரு அசோல் மருந்தான ஃப்ளூகோனசோலும் கர்ப்பத்தோட முதல் மூணு மாசத்துல தினமும் 400 மில்லிகிராமோ அதுக்கு மேலயோ நாள் கணக்கா எடுக்கிறது நல்லதில்ல. நாள் தள்ளிப் போச்சுன்னா மாத்திரையை நீங்களா நிறுத்தாம அன்னிக்கே டாக்டரைப் பாருங்க, உயிருக்கு ஆபத்தான பூஞ்சைக்கு கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கக்கூடிய ஆம்ஃபோடெரிசின் இருக்கு, மாத்திக் கொடுப்பாங்க.