டிரெய்லர் லைட்டு: பல்பு வாங்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டது. இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை டிராக்டர் டிரெய்லரின் லைட்டைப் பற்றித்தான். மிக்ஸி, செல்போன் கேள்விகள் அடுத்த முறை.

கேள்வி: இடது இண்டிகேட்டர் போட்டால் டிரெய்லரில் பார்க் லைட்டும் சேர்ந்து மங்கலாக மினுக்குகிறது. பிரேக் மிதித்தால் எல்லாமே மங்கிவிடுகிறது. பல்பு முழு செட்டும் மாற்றினேன், ஃபிளாஷரும் (இண்டிகேட்டரை விட்டுவிட்டு எரியவைக்கும் பெட்டி) மாற்றினேன். அடுத்து எதை வாங்குவது? (கோபிசெட்டிபாளையம்)

பதில்: எதையும் வாங்காதீர்கள். இது எர்த் கோளாறு. பல்புக்குள் போன கரண்ட் பேட்டரிக்குத் திரும்ப வழி வேண்டும். அந்த வழி அடைபட்டால் பக்கத்துப் பல்பின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கும். நீங்கள் போடாத லைட்டும் மினுக்குவது அதனால்தான்.

பல பட்டறைகளில் டிரெய்லருக்கு எர்த் ஒயரே இழுப்பதில்லை. கொக்கியும் பின்னும் இரும்புதானே, அது வழியாகப் போகட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். அங்கே இருப்பதோ கிரீஸ், துரு, மண். களத்தில் நிற்கும்போது லைட்டு எரியும், ரோட்டில் குலுங்கினால் அணையும்.

சோதிப்பது சுலபம். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரு நீள ஒயரை இழுத்து, டிரெய்லர் லைட்டின் எர்த் திருகில் வையுங்கள். பளிச்சென்று எரிந்தால் சந்தேகமே இல்லை. 7 பின் சாக்கெட்டில் 31 என்று எண் போட்ட பின்னிலிருந்து ஒவ்வொரு லைட்டுக்கும் தனி எர்த் ஒயர் இழுக்கச் சொல்லுங்கள். சேசிஸில் முடுக்குவதானால் பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகே போல்ட் போட வேண்டும். கழற்றிய பழைய பல்புகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை நல்ல பல்புகளாகத்தான் இருக்கும்.

கேள்வி: லாரிக்குப் போடும் பின் லைட்டு வாங்கி டிரெய்லரில் மாட்டினேன். அகல் விளக்கு அளவுக்குத்தான் எரிகிறது. (ஆத்தூர்)

பதில்: அது 24 வோல்ட் பல்பு. டிராக்டருக்கு 12 வோல்ட். லைட்டு அப்படியே இருக்கட்டும், பல்பை மட்டும் மாற்றுங்கள்.

கேள்வி: மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டுகிறது, ஆனால் பிரேக் லைட்டு எரியவில்லை. மீட்டர் தப்பா? (மன்னார்குடி)

பதில்: மீட்டர் தப்பில்லை, அதை நம்பிய இடம்தான் தப்பு. ஜாயின்ட் அரித்துப்போய்ப் பெயருக்குத் தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் 12 காட்டும், ஏனென்றால் அது கரண்டை இழுப்பதே இல்லை எனலாம். 21 வாட் பிரேக் பல்புக்கு ஏறத்தாழ 2 ஆம்பியர் வேண்டும். அந்த அரித்த ஜாயின்ட்டால் அதைக் கொடுக்க முடியாது. ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பில் இரண்டு ஒயரைப் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள். முதலில் டிராக்டர் சாக்கெட், அப்புறம் டிரெய்லரில் உள்ள ஒவ்வொரு ஜாயின்ட், கடைசியாக ஹோல்டர். எந்த இடத்தில் வெளிச்சம் குறைகிறதோ அதற்கு முன்னால்தான் கோளாறு.

கேள்வி: மச்சான் டிராக்டரில் மாட்டினால் வலது இண்டிகேட்டருக்கு இடது எரிகிறது. என் டிராக்டரில் சரியாக இருக்கிறது. (தாராபுரம்)

பதில்: இரண்டில் ஒன்றின் சாக்கெட்டில் ஒயர் இடம் மாறியிருக்கிறது. ஒயர் நிறத்தைப் பார்த்துச் சேர்க்காதீர்கள், பட்டறையில் கையில் கிடைத்த நிறத்தைப் போட்டிருப்பார்கள். சாக்கெட்டில் ஒவ்வொரு பின்னுக்கும் பக்கத்தில் இருக்கும் எழுத்தை அல்லது எண்ணைப் பாருங்கள்: எல் இடது, ஆர் வலது, 54 பிரேக், 58 பார்க். மச்சான் டிராக்டர் தப்பாக இருந்தால் அதைத் திருத்துங்கள், டிரெய்லரைத் தொடாதீர்கள். உங்கள் டிராக்டர் தப்பாக இருந்தால் டிரெய்லரிலும் ஒயர் மாறியிருக்கிறது, இரண்டையும் திருத்துங்கள்.

கேள்வி: டிரெய்லர் பிளக்கை மாட்டினால் ஃபியூஸ் போகிறது. மெக்கானிக் ஃபியூஸுக்குப் பதில் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்தார். இப்போது லைட்டு எரிகிறது, ஆனால் டேஷ்போர்டு பக்கம் லேசாகக் கருகல் வாசம். வாரன்டியில் கேட்கலாமா? (அரூர்)

பதில்: வாரன்டி இருக்கட்டும், முதலில் அந்தக் கம்பியை எடுங்கள். இதைப் படித்தவுடனே. கருகல் வாசம் வந்த பிறகும் ஓட்டிக்கொண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள், எனக்குக் கோபம்தான் வருகிறது. டிரெய்லரின் இரண்டு பிரேக் பல்பும் சேர்ந்து 42 வாட், அதாவது மூன்றரை ஆம்பியர். டிராக்டரின் சொந்த பிரேக் பல்புகளையும் சேர்த்தால் 7. இதற்கு ஃபியூஸ் போகிறது என்றால் எங்கோ ஒயர் இரும்பில் தொடுகிறது. கம்பி சுற்றினால் ஃபியூஸுக்குப் பதில் ஒயரிங் எரியும்.

பிளக்கைக் கழற்றிய பிறகு ஃபியூஸ் போகாமல் நிற்கிறது என்றால் கோளாறு டிரெய்லரில். சேசிஸ் ஓட்டைக்குள் ரப்பர் வளையம் இல்லாமல் ஒயர் நுழையும் இடம், டிரெய்லரைத் தூக்கிக் கொட்டும்போது மடங்கும் கீல் பக்கம், டயருக்கு மேல் தொங்கும் இடம், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். கம்பி சுற்றி ஓட்டிய வண்டிக்கு வாரன்டி கேட்பது கஷ்டம்.

கேள்வி: ஒயரிங் முழுவதும் புதிதாகப் போட்டு ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஜாயின்ட்டில் ஒயர் வெள்ளையாகப் பொடிந்து உதிர்கிறது. கடைக்காரர், "விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்" என்கிறார். பில்லும் தரவில்லை. (விருத்தாசலம்)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அது செம்பு ஒயர் இல்லை, செம்புப் பூச்சுப் பூசிய அலுமினியம். இந்த வியாபாரத்தைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. வெளியே செம்பு நிறம், உள்ளே அலுமினியம், விலை செம்பு விலை. ஜாயின்ட்டில் மழைத்தண்ணீர் பட்டால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். குலுங்கக் குலுங்க இழைகள் ஒடியும். அதே கனத்தில் செம்பைவிடக் குறைந்த கரண்டைத்தான் தாங்கும். வீட்டு ஃபேனுக்கே ஆகாத இதை, ராத்திரி ரோட்டில் போகிற வண்டிக்கு விற்கிறார்கள்.

கடையிலேயே கண்டுபிடிக்கலாம். ஓர் இழையை பிளேடால் சுரண்டுங்கள், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அலுமினியம். வெளியே வெள்ளி நிறமாக இருந்து சுரண்டினால் செம்பு தெரிகிறதா, அது ஈயம் பூசிய செம்பு, தாராளமாக வாங்கலாம். அலுமினியச் சுருள் கையில் எடுத்தாலே எடை குறைவாகத் தெரியும். மோட்டார் வண்டி ஒயருக்கு ஐ.எஸ். (இந்தியத் தரம்) 2465 என்று தனித் தரமே இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு இருக்கும் லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டுப் பார்த்தால் அது யாருடையது என்று காட்டும்.

நானும் இப்படிப் பணம் விட்டிருக்கிறேன். பித்தளை பின் என்று சொல்லிக் கொடுத்த 7 பின் பிளக், ஒரே மழைக்காலத்தில் துருப்பிடித்துப் போனது. பூச்சுப் பூசிய இரும்பு. பித்தளையில் காந்தம் ஒட்டாது. அன்றிலிருந்து சட்டைப் பையில் சின்னக் காந்தம் இல்லாமல் கடைக்குப் போவதில்லை.

சரி, உங்கள் பணத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததே முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான். உங்களுக்கு 30 நாள் தாண்டிவிட்டது, ஆனாலும் போலிச் சரக்கு விற்றதாகப் புகார் செய்ய 2 வருடம் வரை வழி இருக்கிறது. யு.பி.ஐ.யில் பணம் கொடுத்திருந்தால் அந்தப் பதிவு சாட்சி. மிச்ச ஒயரை எறியாதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமே இல்லை.

கேள்வி: புது டிரெய்லர், என் நிலத்துக்கு வாங்கி நானே ஓட்டுகிறேன். டெலிவரி எடுத்த அன்றே வலது பின் லைட்டு எரியவில்லை. ஐந்து தடவை போய்விட்டேன். "டிராக்டர் வியாபாரப் பொருள், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது" என்கிறார் டீலர். (உளுந்தூர்பேட்டை)

பதில்: அவர் சொல்வது உங்களுக்குப் பொருந்தாது. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கியவரை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோர் என்றே சொல்கிறது. நான்கைந்து வண்டி வைத்து ஆள் போட்டு வாடகைக்கு விடுபவர் கதை வேறு. நீங்கள் உங்கள் நிலத்துக்கு வாங்கி நீங்களே ஓட்டுகிறீர்கள். போன ஐந்து தேதிகளையும் எழுதி, லைட்டு எரியாததை வீடியோ எடுத்து, ஸ்பீடு போஸ்டில் 15 நாள் கெடு கொடுங்கள். ஐந்து முறை அலையவிட்டது உங்களுக்கு நடந்த அநியாயம், அந்த அலைச்சலுக்கும் சேர்த்தே இழப்பீடு கேளுங்கள்.

கேள்வி: எல்.இ.டி. பல்பு போட்டதிலிருந்து இண்டிகேட்டர் படபடவென்று அடிக்கிறது. (பழனி)

பதில்: எல்.இ.டி. இழுக்கும் கரண்ட் குறைவு, பல்பு போய்விட்டது என்று ஃபிளாஷர் நினைத்துக்கொள்கிறது. எல்.இ.டி.க்கு உரிய ஃபிளாஷர் வாங்குங்கள். கடையில் தரும் ரெசிஸ்டர் வேண்டாம், சூடாகி பிளாஸ்டிக்கை உருக்கும்.

கேள்வி: ஒயரிங் செலவு எதற்கு? பின்னால் ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டினால் போதாதா? (திருக்கோவிலூர்)

பதில்: போதாது. வெளிச்சம் பட்டால்தான் ஸ்டிக்கர் மின்னும். மங்கலான ஹெட்லைட்டோடு பின்னால் வரும் பைக்காரருக்கு அது பக்கத்தில் வந்த பிறகே தெரியும். கரும்பு லோடு பக்கவாட்டில் பிதுங்கியிருந்தால் அதுவும் மறைந்துவிடும். நீங்கள் பிரேக் போட்டதை ஸ்டிக்கர் அவருக்குச் சொல்லாது. லைட்டும் வேண்டும், ஸ்டிக்கரும் வேண்டும்: பின்னால் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை. வாங்கும்போது செல்போன் டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து, பத்தடி தள்ளி நின்று பாருங்கள். நல்ல ஸ்டிக்கர் வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். உங்கள் கண்ணுக்குப் பளீரென்று தெரியாததைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.